கொட்டலசும் மாடி போர்ஷனும்

கடலில் வீடு தேடுவது எவ்வளவு சுலபம் என்பதற்குக் கொட்டலசுதான் சாட்சி. படகின் அடியிலும் பாலத்தின் காலிலும் கரகரவென்று ஒட்டிக்கொண்டு, குளிக்கப் போகிறவன் முழங்காலைக் கிழிக்குமே, கூம்பு மாதிரி ஒரு சுண்ணாம்புக் கூடு, அதுதான். குஞ்சாக இருக்கும்போது அது கடலெல்லாம் நீந்தித் திரியும். கண்ட சுவரையெல்லாம் மீசையால் தடவிப் பார்க்கும். சொந்தபந்தம் யாராவது பக்கத்தில் குடியிருக்கிறார்களா என்று மோப்பம் பிடிக்கும். மனசுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றி ஆறு தகட்டில் சுவர் எழுப்பி, மேலே ஒரு மூடியும் போட்டுக்கொண்டு, ஆயுசு முழுக்கத் தலைகீழாக நின்று காலால் இரையை வாரிப் போட்டுக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் மூடியை இறுக்கிக்கொள்ளும். உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

கேட்கிற காலமும் வந்தது. விசைப்படகுகள் டீசலை மறந்து மின்கலத்தில் ஓட ஆரம்பித்திருந்த சமயம், 'கடற்கவசம்' என்ற கம்பெனி ஒரு பெயிண்ட் கண்டுபிடித்தது. அதில் விஷம் கிடையாது. கொட்டலசுகள் ஒன்றோடொன்று வாசனையால்தான் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சைப் படித்து, அதே பேச்சில் 'இங்கே இடமில்லை' என்று சொல்கிற பெயிண்ட் அது. குஞ்சு வரும், தடவிப் பார்க்கும், மனசு சரியில்லாமல் திரும்பிப் போய்விடும். படகின் அடி வழுவழுவென்று இருக்கும். ஒரே ஒரு சிக்கல்தான். ஒவ்வொரு வகைக் கொட்டலசுக்கும் ஒரு பேச்சு உண்டு. வகையைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் அடித்தால், 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று சுவரில் எழுதியதுபோல பெயிண்ட் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், கொட்டலசு பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வகையைக் கண்டுபிடிப்பதற்காகத் தூத்துக்குடிக் கிளைக்கு வந்தவன்தான் இளம்பரிதி. கடல் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். பத்து வருஷம் ஃபார்மலின் ஜாடிகளுக்குள் தலையைக் கவிழ்த்திருந்ததில் அவனுடைய மூக்கு செத்துப்போயிருந்தது. மல்லிகைக்கும் மீன் கழிவுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. லாட்ஜ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவனுக்கு அது ஒரு வசதி என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

லாட்ஜில் ஏன் இருந்தான் என்றால், அவனுக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை. படகெல்லாம் மாறியும் 'டூ லெட்' பலகையும் அதற்குப் பின்னால் நடக்கிற விசாரணையும் மாறவே இல்லை. அவனுடைய அப்பா கொள்கைக்காரர், ரயில்வேயில் வேலை. பெயரைக் கேட்டால் ஒன்றும் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மகனுக்குப் பெயர் வைத்தவர். வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நாக்கு அரிக்கும். சொந்த ஊர் கேட்பார்கள். அப்பாவுக்கு மாற்றலான ஊர்களையெல்லாம் சொல்வான். குலதெய்வம் கேட்பார்கள். வீட்டில் சாமி கும்பிடுவதில்லை என்பான். கல்யாணப் பத்திரிகை இருக்குமா என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர் அன்பாகத் தட்டிக்கொடுப்பதுபோல முதுகில் பூணூல் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: மகன் வெளியூரிலிருந்து வரப்போகிறான், மாடி அவனுக்கு வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி மகன்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் ஊர் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு தாங்காது என்று அவன் நினைத்துக்கொள்வான்.

அவன் மனைவி பூங்கோதைக்குக் கோவில்பட்டியில் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாதம் குழந்தையை அப்பா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அப்பாவுக்கு வீடு என்று ஒன்று இருந்தால்தானே வழக்கம் நடக்கும். பூங்கோதை தினமும் போனில் வீடு கிடைத்ததா என்று கேட்பாள். இவன் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பான். பிறகு குழந்தையின் மூச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைப்பான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற காலம். விசைப்படகுச் சங்கத் தலைவர் செலஸ்டின் கோமஸ் ஒருநாள் காலையில் ஒரு கூடை நிறையக் கொட்டலசோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அதை மேஜையில் கொட்டினார். கம்பெனி இயந்திரம் கேமராவால் பார்த்து நான்கு வகைக் கொட்டலசு இருக்கிறது என்று சொல்லிவிட்டதாம். நான்கு வகைக்கும் நான்கு பெயிண்ட், ஒன்று காய்ந்த பிறகு ஒன்று அடிக்க வேண்டும்.

"நாலு கோட்டு காயிறதுக்குள்ள தடைக்காலம் முடிஞ்சிரும் சார். மத்த ஊர்க்காரன்லாம் கடல்ல நிப்பான், நாங்க கரையில பெயிண்டைப் பாத்துக்கிட்டு நிப்போம்" என்றார் கோமஸ். "அதுலயும் பழைய கூட்டை ஒரு துணுக்கு விடாமச் சுரண்டணுமாம். கூட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தா பெயிண்ட்டு பேச்சு வெளிய வராதாம். சுரண்டிச் சுரண்டிப் பயலுவளுக்குக் கையே போச்சு."

இளம்பரிதி கூடையைக் கிளறினான். பார்வைக்கு நான்கு வகைதான். தட்டையாகச் சப்பாத்திபோல ஒன்று. குழாய்போல நெட்டையாக ஒன்று. ஊதாக் கோடு போட்ட ஒன்று. கோடெல்லாம் தேய்ந்து வெள்ளையாக ஒன்று. ஆனால் கொட்டலசை வெளிச்சுவரைப் பார்த்து முடிவு செய்கிறவன் ஏமாந்து போவான். மூடியைக் கழற்றி, அதன் தகடுகளை உள்பக்கமாகத் திருப்பி, பூதக்கண்ணாடியில் அந்த வரப்பையும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவனுக்கு இருந்தது. ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்தான். சாயங்காலம்வரை திறந்தான். எல்லா மூடியும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன.

மறுநாள் கிளை மேலாளர் தெய்வநாயகத்திடம் போய்ச் சொன்னான். தெய்வநாயகம் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் கம்பெனி விடாமல் வைத்திருக்கிற கெட்டிக்காரர். மரியாதையான மனிதர். இளம்பரிதிக்கு நாற்காலி போடாமல் பேசமாட்டார். ஒரு வருஷமாக அவனோடு டீ குடிக்கிறார், ஒரு வருஷமாக அவன் யாரென்று பிடிபடாமல் தவித்துக்கொண்டும் இருக்கிறார்.

"ஒரே வகைதான் சார். தனியா இருந்தா அகலமா வளரும். நெருக்கத்துல மாட்டிக்கிட்டா நெட்டையா வளரும். வெயில்ல கிடந்தா கோடு தேஞ்சு போகும். இருக்கிற இடத்தால வர்ற வித்தியாசம். மூடியைத் திறந்தா எல்லாம் ஒண்ணு."

தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்கு பெயிண்டும் ஏற்கெனவே டிரம் டிரம்மாக வந்து இறங்கியிருந்தன. பிறகு அவர் நிதானமாக வேறு விஷயத்துக்குப் போனார். தன் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருப்பதாகச் சொன்னார். கடல் காற்று, இரண்டு பக்கமும் தண்ணீர் வசதி, குழந்தைக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். கிளம்பும்போது, "நாலுன்னே இருக்கட்டுமே டாக்டர். கொட்டலசு வந்து இல்லைன்னு சொல்லப் போகுதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி போனான். வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. போர்டிகோவில் வீடு கேட்டு வருகிறவர்களுக்கென்றே மெத்தை போட்ட ஒரு நாற்காலி இருந்தது. வீட்டம்மா கோமதியம்மாள் மோர் கொடுத்தாள். மே மாத வெயிலில் வியர்த்து வழிய அவன் உட்கார்ந்திருந்தான். தெய்வநாயகம் ஊரில் ஆரம்பித்து, அப்பாவின் அப்பா என்ன தொழில் செய்தார் என்பதுவரை போய்ப் பார்த்தார். தாத்தாவும் ரயில்வேதான் என்றான் இவன். மோர் தீர்ந்தது, கேள்விகளும் தீர்ந்தன. மாடி ஜன்னலில் தொட்டில் கட்டத் தோதாக ஒரு கொக்கி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் இளம்பரிதி நான்கு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தான். இதைச் சொல்ல அவனுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

அப்புறம் திறந்து பார்த்த மூடிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. "ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். தெய்வநாயகத்தின் மகன் அப்போதே சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

கோமஸின் படகுகள் ஒரே பூச்சுப் பெயிண்டோடு, தடைக்காலம் முடிந்த அன்றே கடலுக்குப் போயின. கொட்டலசுகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டன. கிளையில் மூன்று வகைப் பெயிண்ட் விற்காமல் தேங்கியது. இந்தப் பெயிண்டுக்கு வேறு ஏதாவது உபயோகம் கண்டுபிடியுங்கள் என்று தலைமை அலுவலகம் தெய்வநாயகத்தை நெருக்கியது. அவரும் கண்டுபிடித்தார். அதுதான் வினை.

அவருடைய யோசனை எளிமையானது. வீடு கேட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மோர் கொடுத்து, சுற்றி வளைத்துக் கேட்டு, பொய் சொல்லி அனுப்புவது இரண்டு பக்கமும் சங்கடம். அந்த வேலையைச் சுவரே செய்துவிட்டால் என்ன? வேண்டாதவன் கேட் வரைக்கும் வருவான், காரணம் தெரியாமல் மனசு சரியில்லாமல் போகும், திரும்பிவிடுவான். யாரும் யார் மனசையும் புண்படுத்த வேண்டியதில்லை. தேங்கிய பெயிண்டில் புதுப் பேச்சைக் கலக்க ஒரு மாதிரி வேண்டும். வேண்டாதவர்களின் மாதிரிக்கு எங்கே போவது? போர்டிகோ நாற்காலியின் மெத்தை உறை இருக்கவே இருந்தது. ஒரு கோடைகாலம் முழுக்க அவர் வேண்டாமென்று அனுப்பிய அத்தனை பேரின் வியர்வையும் அதில் ஊறியிருந்தது. உறையை உருவி, பையில் போட்டு ஒட்டி, 'வேண்டாதவர்கள்' என்று எழுதி, தேங்கிய பெயிண்டில் ஒரு டிரம்மோடு தலைமை அலுவலகத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். பதிலுக்குப் பிஸ்தா பச்சை நிறத்தில் ஒரு டிரம் பெயிண்ட் வந்தது.

சுவர் ஏறிப் பெயிண்ட் அடிக்கிற சிலந்தி இயந்திரத்தை ஏவிவிட்டு, கணவனும் மனைவியும் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது வீடு பிஸ்தா பச்சையில் ஜொலித்தது. கேட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றது. ஆட்டோக்காரர் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார். கோமதியம்மாள் கேட்டில் கைவைத்தாள், எடுத்தாள். தெய்வநாயகம் ஒரு காலை உள்ளே வைத்தார், வைத்த காலைத் திரும்பி எடுத்துக்கொண்டார். தெருவில் பூனைகள் மட்டும் அவரைத் தாண்டி உள்ளே போய், காலி நாற்காலியில் படுத்துக்கொண்டன.

இளம்பரிதிக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால், மேலாளரும் மனைவியும் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைத் தெய்வநாயகம் பாதி விழுங்கிப் பாதி சொன்னார். மெத்தை உறை என்றபோது அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன தப்பு நடந்துச்சு டாக்டர்? வேண்டாதவங்க மாதிரிதான குடுத்தேன்?"

"மாதிரியில தப்பில்ல சார். அதைத் திறந்து பார்த்திருப்பாங்க. மனுசன்னு ஒரே வகைதான் கிடைச்சிருக்கும். அதுக்கு இடமில்லைன்னு பெயிண்ட் கலந்துட்டாங்க."

தெய்வநாயகம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் குடியிருந்த வீடு. கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லையும் நனைத்துக் கொடுத்தவர் அவர். "கேட்டுக்கிட்ட போனா காலு பின்னுது" என்றார் மெதுவாக. "உள்ள யாரோ நம்மளை ஒருமாதிரி பாக்காங்க, நம்ம வந்தது அவங்களுக்குப் பிடிக்கலைன்னு நெஞ்சுக்குள்ள ஒரு இது. திட்டினாக்கூடத் தேவலைன்னு இருக்கு. உங்களுக்கு அப்படி இல்லையா?"

"இப்ப இல்ல சார். என் மூக்கு செத்துப்போச்சு, பெயிண்ட் என்கிட்ட பேசாது" என்றான் இளம்பரிதி. "ஆனா நீங்க சொல்றது எனக்குத் தெரியும். இந்த ஊர்ல ஒரு வருஷமா ஒவ்வொரு கேட்லயும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. எந்தச் சுவர்லயும் பெயிண்ட் இல்லாமலே."

கோமதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவருடைய ரத்த அழுத்த மாத்திரை உள்ளே இருந்தது. இளம்பரிதி சாவியை வாங்கி, கேட்டைத் திறந்துகொண்டு சர்வசாதாரணமாக உள்ளே போய், மாத்திரையை எடுத்து, மோட்டாரைப் போட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். அந்தத் தெருவிலேயே அந்த வீட்டுக்குள் போய்வரக்கூடிய ஒரே மனிதன் அவன். தெய்வநாயகம் சாவியை அவன் கையிலேயே விட்டு, மாடியில் அவனையே இருந்துகொள்ளச் சொன்னார். வேறு வழியும் அவருக்கு இல்லை. லாட்ஜில் அவன் காலி செய்த அறைக்கே அவர்கள் இரண்டு பேரும் குடிபோனார்கள்.

லாட்ஜ் சாப்பாடு மூக்குள்ளவர்களுக்கு ஒத்துவராது. தெய்வநாயகம் தற்காலிகமாக ஒரு வீடு பார்க்கக் கிளம்பினார். முதல் தெருவில் அவர் பெயரைச் சொன்னதுமே, உங்கள் ஆட்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தெருவில் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் ஒத்துவராது என்றார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் ஒத்துவந்தது, குலதெய்வம்கூட ஒன்றுதான். வீட்டுக்காரர் இவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "வயசானவங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் மாடிக்கு ஆளு வராது பாத்துக்கிடுங்க" என்றார். அவருக்கும் ஒரு மகன் பெங்களூரிலிருந்து வரவிருந்தான். தெய்வநாயகம் மோரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவந்தார்.

இதற்குள் இளம்பரிதிக்குக் கோமஸ் சொன்னது ஞாபகம் வந்திருந்தது. கூட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் பெயிண்டின் பேச்சு வெளியே வராது. கோமஸிடம் கேட்டான். தடைக்காலத்தில் சுரண்டிய கொட்டலசுக் கூடு கரையில் மலைபோலக் கிடந்தது. விஷயத்தைக் கேட்டுக் கோமஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஆட்களை வைத்துக் கூட்டைச் சுட்டு நீற்றி, சுண்ணாம்பாகக் கரைத்து, கேட் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குமேல் அவருக்குக் கால் வரவில்லை. சிலந்தி இயந்திரம் பிஸ்தா பச்சையின் மேல் பால்போல வெள்ளையடித்தது. பெயிண்ட் வாயை மூடியதா இல்லையா என்பது மட்டும் இளம்பரிதிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள மூக்குள்ள ஓர் ஆள் வேண்டும். மறுநாள் காலையில் கோமஸை வரச்சொல்லியிருந்தான்.

அதற்கு முன்னால் பூங்கோதை வந்துவிட்டாள். வீடு கிடைத்தது என்று கேள்விப்பட்டவள் நாள் பார்க்கவில்லை. அண்ணன் கோவில்பட்டியிலிருந்து காரில் கூட்டிவந்து தெருவில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்ப இடம் தேடிப் போய்விட்டான். மாடியிலிருந்து பார்த்த இளம்பரிதிக்கு உயிரே போய்விட்டது. தோளில் குழந்தையோடு அவள் கேட்டுக்கு வந்தாள். நின்றாள். பெற்ற பிள்ளை வந்து நிற்கிற முதல் வாசல் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு அழுகையே வந்தது.

பூங்கோதை குழந்தையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பூனையை நாற்காலியிலிருந்து விரட்டிவிட்டு, "என்னங்க, மாடிப்படி எந்தப் பக்கம்?" என்று சத்தம் போட்டாள்.

செய்தி லாட்ஜுக்குப் போயிற்று. மத்தியானம் தெய்வநாயகம் வந்தார். கோமதியம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. இளம்பரிதி மேலேயிருந்து பார்த்தான். காலையிலிருந்து பால்காரர் வந்து போய்விட்டார், கோமஸ் வந்து காப்பி குடித்துப் போய்விட்டார், மச்சான் வந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். சுவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் தெய்வநாயகம் சொந்த வீட்டு மணியை அழுத்திவிட்டு, யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்துக்கொண்டு வெயிலில் நின்றார். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருக்கிற முகம். அந்த முகத்தை இளம்பரிதி லாட்ஜுக் கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறான்.

அவன் இறங்கி வருவதற்குள் பூங்கோதை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவரை முன்பின் தெரியாது.

"உள்ள வாங்கய்யா. வெயில்ல ஏன் நிக்கீங்க?" என்றாள். யாரென்று கேட்கவில்லை.

தெய்வநாயகம் வந்தார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, உறை இல்லாத அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். பூங்கோதை குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தை அவரையே பார்த்தது.

"பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஆழி" என்றாள் பூங்கோதை.

தெய்வநாயகம் அந்தப் பெயரை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பழக்கம், அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். இறங்கி வந்த இளம்பரிதி படியிலேயே நின்றுவிட்டான். குழந்தை கையை நீட்டி அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. தண்ணீர் வற்றிய கொட்டலசுபோல அவர் வாய் இறுக்கமாக மூடிக்கொண்டது. கண்ணாடியைக் குழந்தையிடமே விட்டுவிட்டார்.